பகைவரும் போற்றிய மிம்பர்

வென்றவன் தோற்றவனுடைய கட்டடங்களை அழிப்பது உலக வரலாற்றில் புதுமையன்று. அரண்மனைகள் இடிபடும்; கோட்டைகள் தரைமட்டமாகும்; சில வேளைகளில் வணக்கத் தலங்களும் தப்புவதில்லை. ஆனால், தோற்றவன் கட்டிய பள்ளிவாசலைத் தொழுகைக்கு ஆகாதென மூடி அழியவிட்ட கையே, அதனுள் இருந்த மரப்பொருள் ஒன்றை மட்டும் பத்திரமாக எடுத்துச் சென்று, தான் கட்டிய புதிய பள்ளியில் வைத்துப் பேணியது என்றால் அது சிந்தனைக்குரிய செய்தியல்லவா? கிறித்துவ ஆண்டு 12ஆம் நூற்றாண்டின் நடுவில், இன்றைய மொராக்கோ நாட்டின் மராக்கிஷ் நகரில் இது நிகழ்ந்தது. அந்த மரப்பொருள் ஒரு மிம்பர். நிறம் வேறுபட்ட மரங்களை ஒன்றோடொன்று பதித்து இழைக்கும் கலையில் இன்றளவும் அதனை மிஞ்சிய படைப்பைக் காண்பது அரிது. அதன் வரலாற்றையும், பகைவரும் அதனைப் போற்றிய காரணத்தையும் இங்கே காண்போம்.

மூன்று படியில் தொடங்கிய வரலாறு

இஸ்லாமிய உலகின் முதல் மிம்பர் மிக எளிமையானது. மதீனாவுக்கு அருகிலிருந்த காபா என்னும் தோப்பின் மரத்தை வெட்டி, அன்ஸாரிப் பெண்மணி ஒருவரின் பணியாளரான தச்சர் அதனைச் செய்து கொடுத்தார் என ஸஹீஹுல் புகாரி குறிப்பிடுகிறது. மொத்தம் மூன்று படிகள். பேரீச்ச மரத்தண்டில் சாய்ந்து உரை நிகழ்த்தி வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மக்கள் தம்மைக் காணவும் தம் சொல்லைக் கேட்கவும் வசதியாக அதன்மீது நின்று குத்பா ஓதினார்கள். அதில் பொன்னுமில்லை, பூவேலையுமில்லை.

காலம் செல்லச் செல்ல, நாடுகள் விரிந்தன, பள்ளிகள் பெருகின, மிம்பரும் உயர்ந்தது. இன்றும் நின்று நிலவும் மிம்பர்களுள் மிகப் பழையது துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளியில் உள்ளது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த மிம்பர் இந்தியாவிலிருந்து சென்ற தேக்கினால் ஆனது. நம் கடற்கரையில் கப்பலேறிய மரம் வட ஆப்பிரிக்காவில் குத்பா மேடையாக இன்றும் நிற்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியே. ஆனால் அது செதுக்கு வேலையால் சிறந்தது. நிறமாறுபட்ட மரங்களைப் பதிக்கும் கலை அதற்கு அடுத்த நூற்றாண்டில், மேற்கே, குர்துபாவில் மலர்ந்தது.

தர்ஸீஉ என்னும் சொல்

இக்கலைக்கு அரபு மொழியில் வழங்கும் பெயர் 'தர்ஸீஉ' என்பது. மணிகளைப் பதித்தல் என்பது அதன் நேர்ப்பொருள். ஸ்பானிய மொழியில் இக்கலையை இன்றும் 'தராசேயா' என்கிறார்கள். அது இந்த அரபுச் சொல்லின் திரிபே. அரபு வழியாகச் சென்ற சொல் இத்தாலியில் 'இன்தார்சியா' ஆயிற்று. ஒரு கலை எங்கிருந்து எங்கே சென்றது என்பதற்கு அதன் பெயரைவிட நம்பத்தக்க சாட்சி வேண்டுவதில்லை.

மதரஸாக்களில் அணியிலக்கணம் பயின்றோர்க்கு இச்சொல் வேறொரு வகையிலும் பழக்கமானது. இரண்டு தொடர்களை எதிரெதிரே நிறுத்தி, ஒன்றிலுள்ள ஒவ்வொரு சொல்லும் மற்றதிலுள்ள சொல்லோடு அளவாலும் இறுதி ஓசையாலும் ஒத்து நிற்குமாறு அமைப்பதற்கும் 'தர்ஸீஉ' என்றே பெயர். திருக்குர்ஆனின் இன்ஃபிதார் அத்தியாயத்தில் நல்லோரின் நிலையையும் தீயோரின் நிலையையும் அடுத்தடுத்துக் கூறும் இரு வசனங்களை ஆசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர். பொருளில் முற்றிலும் மாறுபட்டவை ஓசையில் முற்றிலும் இசைந்து நிற்கும் அழகு அது. கறுப்பு மரமும் வெளிர் மரமும் ஒரே அளவில் எதிரெதிர் நிற்கும் பதிப்பு வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

நம் தமிழும் இவ்விடத்தில் பின்தங்கவில்லை. பொன்னில் மணி பதிப்பதை 'இழைத்தல்' என்கிறோம். மரத்தை இழைப்புளியால் சீவி மழமழப்பாக்குவதையும் 'இழைத்தல்' என்றே சொல்கிறோம். பொற்கொல்லரின் நுண்மையும் தச்சரின் உழைப்பும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதை எண்ணிப் பார்க்கலாம்.

குர்துபாவில் பிறந்தது

குர்துபாவின் பெரிய பள்ளிவாசலுக்காக, பத்தாம் நூற்றாண்டில் கலீஃபா இரண்டாம் ஹகம் ஒரு மிம்பர் செய்வித்தார். நிலநூல் அறிஞர் அல் இத்ரீஸீ அதனைப் பற்றிக் கூறும்போது, கருங்காலி, பக்ஸ், நறுமண அகில் ஆகிய மரங்களால் ஆனது என்றும், ஆறு கைவினைஞர்கள் தம் உதவியாளர்களுடன் ஏழாண்டுகள் உழைத்து அதனை முடித்தார்கள் என்றும் எழுதுகிறார். அந்த மிம்பர் இன்று இல்லை. 1236இல் குர்துபா கைமாறிய பிறகும் சில நூற்றாண்டுகள் அங்கேயே இருந்து, பதினாறாம் நூற்றாண்டில் பிரிக்கப்பட்டு மறைந்தது.

ஆனால் அதன் மாணாக்கர் வழியில் வந்த ஒன்று கடல் கடந்து பிழைத்தது. மொராக்கோவையும் அந்தலூசியாவையும் ஆண்ட முராபிதூன் மரபின் அமீர் அலீ பின் யூசுஃப், தம் தலைநகரான மராக்கிஷில் கட்டிய பள்ளிக்காகக் குர்துபாவிலேயே ஒரு மிம்பர் செய்யப் பணித்தார். ஹிஜ்ரி 532ஆம் ஆண்டு முஹர்ரம் முதல் நாள், அதாவது 1137 செப்டம்பரில், அதன் வேலை தொடங்கியது என்பதையும், அது குர்துபா நகரில் செய்யப்பட்டது என்பதையும் அம்மிம்பரில் உள்ள எழுத்துகளே அறிவிக்கின்றன.

அதன் உயரம் 3.86 மீட்டர், நீளம் 3.46 மீட்டர், அகலம் 0.87 மீட்டர். ஒன்பது படிகள். உள்கூடு வட ஆப்பிரிக்கத் தேவதாரு மரத்தால் ஆனது; படிகள் அக்ரோட்டு மரம். ஆனால் பார்ப்போர் கண்ணில் முதலில் படுவது இவை அல்ல. முக்கோண வடிவான இரு பக்கங்களும் எண்முனை நட்சத்திரங்களிலிருந்து விரிந்து பின்னிச் செல்லும் பட்டைகளால் நிறைந்துள்ளன. பட்டைகளுக்கு இடையிலுள்ள கட்டங்களில், கொடியும் இலையும் ஆழச் செதுக்கிய சிறு பலகைகள் மணிகளைப் போல் பதிக்கப்பட்டிருக்கின்றன. படிகளின் முகப்பிலோ லாட வடிவ வளைவுகள் வரிசையாக நிற்கின்றன; வளைவுக்குள் செடிகொடிகள். அங்கே செதுக்கல் எதுவுமில்லை. நிறம் வேறுபட்ட மரத்துண்டுகளை ஒட்டவைத்தே அவ்வளவும் வரையப்பட்டுள்ளன. கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பில், கருமரமும் எலும்பும் கொண்டு கூஃபீ எழுத்தில் இறைவசனங்கள் ஓடுகின்றன.

மூன்று மரங்கள், மூன்று நிறங்கள்

இந்த மிம்பரில் வண்ணம் பூசி வரைந்த நிறம் கலையின் உயிர் அன்று; மரத்தின் இயற்கை நிறமே அதன் உயிர். கறுப்புக்கு ஆப்பிரிக்கக் கருமரம். இது நம் ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்தது, தண்ணீரில் மூழ்குமளவு கனமானது. வெளிர் மஞ்சளுக்கு பக்ஸ் மரம். இழை நெருக்கமாதலால் நூல் போன்ற கோட்டையும் அதில் உடையாமல் செதுக்கலாம். செம்பழுப்புக்கு நாம் நன்கறிந்த இலந்தையின் இனமரம். வெண்மைக்கு எலும்பு. உலகில் நிறங்கள் எத்தனையோ இருக்க, இந்த நான்கைக் கொண்டே நிறைவு கண்டார்கள் அக்கைவினைஞர்கள்.

சிறு சிறு துண்டுகளாக ஏன் இப்பணி நடந்தது என்ற கேள்வி எழலாம். அழகு மட்டுமே காரணமன்று. மரம் வெட்டிய பின்னும் அடங்கியிருப்பதில்லை. ஈரம் மிகும்போது இழைக்குக் குறுக்கே விரிகிறது. வறண்ட காற்றில் சுருங்குகிறது. அகலமான ஒரே பலகையானால் வளையும், வெடிக்கும். மராக்கிஷ் போன்ற வறண்ட நகரில் இது பெருந்தொல்லை. பலகையைச் சிறு துண்டுகளாக்கிச் சட்டங்களுக்கிடையே பொருத்திவிட்டால், ஒவ்வொரு துண்டும் தன் இடத்திலேயே சற்று அசைந்து கொடுக்கும், முழுமை குலையாது. துண்டுக்குள் துண்டு பிடித்து நிற்கும்படி ஆணியின்றிக் கோக்கும் முறையை அரபுத் தச்சர்கள் 'தஃஷீக்' என்பர். காதலைக் குறிக்கும் 'இஷ்க்' என்பதன் அடியிலிருந்து பிறந்த சொல் அது. இறுக்கிப் பிடித்தும் அசைவுக்கு இடம்விட்டும் நிற்கும் இணைப்புக்கு இப்பெயரிட்டவர் தச்சர் மட்டுமல்லர், ஓரளவு கவிஞருமாவார்!

வேலையின் கடுமையையும் சொல்ல வேண்டும். நட்சத்திரக் கோலத்தில் ஒரு துண்டு மயிரளவு பெரிதானாலும், அடுத்தடுத்த துண்டுகளில் அப்பிழை சேர்ந்துகொண்டே சென்று, கடைசி முனை கூடாமல் போகும். பதித்த முகத்தைத் தேய்த்து மழுப்பினால், கருமரத்தின் தூள் வெளிர் மரத்தின் நுண்துளைகளில் புகுந்து அதனை மங்கச் செய்யும். ஆகவே கூரிய தகட்டால் மெல்லச் சுரண்டியே சமன்செய்வது இத்தொழிலின் வழக்கம். ஒன்றன் நிறம் மற்றதில் படியாமல் காப்பதே தர்ஸீஇன் முதற்பாடம்.

வாளேந்தி வந்தவர்கள்

மிம்பர் மராக்கிஷ் வந்து சேர்ந்த சில ஆண்டுகளிலேயே முராபிதூன் ஆட்சி ஆட்டங் கண்டது. அட்லஸ் மலையில் இப்னு தூமர்த் தொடங்கிய முவஹ்ஹிதூன் இயக்கம், முராபிதுகளை இறைவனுக்கு உருவம் கற்பிப்போர் என்று குற்றஞ்சாட்டிப் போர் தொடுத்தது. குற்றச்சாட்டின் நியாயத்தை ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. இருதரப்பும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள் என்பதை மட்டும் நினைவிற்கொள்வோம். இப்னு தூமர்த்தின் வழிவந்த அப்துல் முஃமின் 1147இல் மராக்கிஷைக் கைப்பற்றினார். கடைசி முராபித் அமீரான இளைஞர் இஸ்ஹாக் கொல்லப்பட்டார். நகரின் பள்ளிகள் கிப்லா பிழையானவை என அறிவிக்கப்பட்டன. அலீ பின் யூசுஃபின் பள்ளி மூடப்பட்டது. அரண்மனைக்கருகே புதிய பள்ளி எழுந்தது. பக்கத்தில் புத்தக வணிகர்கள் கடை வைத்திருந்ததால் அது குதுபிய்யா எனப் பெயர் பெற்றது. மராக்கிஷிலிருந்து மக்கா ஏறத்தாழ நேர்கிழக்கில் உள்ளது என்பது இன்றைய கணக்கு. முவஹ்ஹிதுகள் கட்டிய பள்ளியோ தென்கிழக்கையும் கடந்து தெற்கு நோக்கிச் சாய்ந்தது. பிழை திருத்தம் என்று சொல்லப்பட்டதில் அரசியலின் பங்கு எவ்வளவு என்பதை வாசகர்களே உணர்ந்து கொள்ளலாம்.

முவஹ்ஹிதுகள் அலங்காரத்தை வெறுப்பவர்கள் என்ற அச்சம் அன்று நாடெங்கும் பரவியிருந்தது. ஹிஜ்ரி 540இல் அவர்கள் ஃபாஸ் நகருக்குள் நுழையவிருந்தபோது, அங்குள்ள ஃபுகஹாக்களும் பெரியோரும் கரவிய்யீன் பள்ளியின் பூவேலைகளைத் தாள் ஒட்டிச் சுண்ணம் பூசி ஒரே இரவில் மறைத்தார்கள் என ஃபாஸின் வரலாற்று நூல் கூறுகிறது. அந்தச் சுண்ணத்தைப் பெயர்த்தபோது மறைந்திருந்த வேலைப்பாடுகள் இருபதாம் நூற்றாண்டில் வெளிப்பட்டன.

இத்தகைய பெயர் பெற்றவர்கள், நட்சத்திரமும் கொடியும் எலும்பு எழுத்துமாக ஒளிர்ந்த இந்த மிம்பரை என்ன செய்தார்கள்? உடைக்கவில்லை. எரிக்கவில்லை. குதுபிய்யாவுக்குக் கொண்டு சென்றார்கள். அதுமட்டுமன்று. மேற்கு நாடுகளில் மிம்பரை ஓர் அறையில் வைத்து, ஜும்ஆ வேளையில் மட்டும் சக்கரத்தின்மீது வெளியே உருட்டிவரும் வழக்கம் உண்டு. தொழுகை வரிசை அறுபடாமலிருக்க அது உதவும். குதுபிய்யாவில் இம்மிம்பருக்காகத் தனிப்பொறி ஒன்று அமைக்கப்பட்டது. கதீப் நெருங்கும்போது கதவு திறந்து, ஓசையின்றி மிம்பர் தானே வெளிவரும் என்று 'அல் ஹுலலுல் மவ்ஷிய்யா' என்ற வரலாற்று நூல் வருணிக்கிறது. கட்டுக்கதை என ஒதுக்கத் தக்க செய்திதான். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் முதல் குதுபிய்யாவின் இடிபாட்டை அகழ்ந்தபோது, அத்தகைய பொறி இயங்கியதற்குரிய பள்ளங்கள் தரையில் காணப்பட்டன. பகைவர் சொத்துக்குப் பொறியமைத்துப் பாதுகாப்புத் தேடியவர்களின் மனநிலையை என்னென்பது!

ஏன் போற்றினார்கள்?

இதற்குச் சிலர் அரசியல் விளக்கம் தருவர். குர்துபா என்றாலே உமையா கலீஃபாக்களின் பெருமை. கலீஃபா எனத் தம்மை அழைத்துக்கொண்ட அப்துல் முஃமினுக்குக் குர்துபாவின் கைவண்ணம் தேவைப்பட்டது என்பர். இதில் உண்மையுண்டு. குர்துபாப் பள்ளியிலிருந்த, உஸ்மான் (ரலி) அவர்களுடையதெனக் கருதப்பட்ட திருக்குர்ஆன் ஏட்டையும் பின்னர் அவர் மராக்கிஷுக்கு வருவித்தார். இன்னும் சிலர், செல்வப் பொருளை யார்தாம் எறிவர் என்பர். இதுவும் ஒருவகையில் சரியே.

எனினும் இவ்விரண்டும் முழுவிடை ஆகா. செல்வமே நோக்கமாயின், எத்தனையோ அரசர்கள் செய்ததுபோல் பிரித்து வேறு பொருள்களுக்குப் பயன்படுத்தியிருக்கலாம். பெருமையே நோக்கமாயின், பழைய அமீரின் நினைவைச் சுமக்கும் எழுத்துகளைச் சுரண்டிவிட்டுத் தம் பெயரைப் பொறித்திருக்கலாம். எழுத்து அப்படியே இருக்கிறது. முராபித் அமீரின் ஆண்டும் குர்துபாவின் பெயரும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. தொட்டால் கெட்டுவிடும் என்று ஒரு படைப்பின் முன் கை தயங்குவதுண்டு. அந்தத் தயக்கமே இங்கும் நிகழ்ந்தது என்பது என் துணிபு. கொள்கையில் முரண்பட்டவனின் ஆணையால் பிறந்தது என்பதற்காக, கைவினைஞனின் ஏழாண்டு எட்டாண்டு உழைப்பைக் குற்றவாளியாக்கக் கூடாது என்ற அடிப்படை நீதி, கடும் போர்க்காலத்திலும் முற்றிலும் மறையவில்லை.

இரு நூற்றாண்டுகள் கழித்து, கிழக்கிலும் மேற்கிலும் பல மிம்பர்களில் நின்று குத்பா ஓதிய திலிம்ஸான் அறிஞர் இப்னு மர்ஸூக், குர்துபா மிம்பரும் குதுபிய்யா மிம்பருமே வேலைப்பாட்டில் தலைசிறந்தவை என்பது கைவினைஞர்களின் ஒருமித்த கருத்து என எழுதிவைத்தார். அரசர்களின் தீர்ப்பன்று, தொழில் தெரிந்தவர்களின் தீர்ப்பு!

பெயரில்லாத கைகள்

அத்தனை எழுத்துகளுக்கிடையே ஒரு குறை உறுத்துகிறது. ஊர் உண்டு, நாள் உண்டு. செய்தவர் பெயர் இல்லை. எல்லா மிம்பர்களும் இப்படியல்ல. பைத்துல் முகத்தஸை மீட்கும் நாளுக்கென்று நூருத்தீன் ஸன்கீ ஹிஜ்ரி 564இல் ஹலபில் செய்வித்த மிம்பரில், ஹுமைது பின் ழாஃபிர் முதலிய ஹலப் தச்சர்கள் தம் பெயர்களைப் பொறித்திருந்தனர். 1187இல் ஸலாஹுத்தீன் அய்யூபி அதனை அக்ஸா பள்ளியில் நிறுவினார். 1969 ஆகஸ்ட் 21 அன்று ஒருவன் வைத்த தீயில் அது கருகியது. அதே வடிவில் மீண்டும் ஒன்று செய்து வைக்க 2007 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பணமின்மை மட்டும் காரணமன்று. அந்தக் கோலத்தின் கணக்கையும் ஆணியில்லாக் கோப்பையும் மறந்துவிட்ட உலகம் அவற்றை மறுபடி கற்க வேண்டியிருந்தது. ஜோர்தானில் பல நாட்டுக் கைவினைஞர்கள் கூடி உழைத்த பின்னரே அது நிறைவேறியது. ஒரு பொருள் எரிவதற்குச் சில மணிநேரம் போதும். அதனைச் செய்யும் அறிவைத் திரும்பப் பெறுவதற்கோ ஒரு தலைமுறை வேண்டும்.

குதுபிய்யா மிம்பர் 1962 வரை பள்ளியிலேயே இருந்தது. பின்னர் பதீஉ அரண்மனைக்கு எடுத்துச் செல்லப்பட்டது. 1996, 1997ஆம் ஆண்டுகளில் மொராக்கோ வல்லுநர்களும் அமெரிக்க வல்லுநர்களும் சேர்ந்து அதனைத் துப்புரவு செய்து பாதுகாத்தனர். உதிர்ந்துபோன இடங்கள் பல உண்டு. ஆயினும் எஞ்சியவற்றில் கறுப்பு கறுப்பாகவும் மஞ்சள் மஞ்சளாகவுமே இருக்கின்றன. எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மரங்களின் நிற வேறுபாடு மறையவில்லை. எந்த மரமும் அடுத்ததன் நிறத்தைக் கெடுக்கவுமில்லை.

பள்ளிவாசலில் அலங்காரம் எந்த அளவுக்குத் தகும் என்பதில் மார்க்க அறிஞர்களிடையே பழமையான விவாதம் உண்டு. தொழுவோரின் கவனத்தைக் குலைக்கும் பகட்டை அவர்கள் வெறுத்தது முறையே. மதீனாவின் மூன்று படி மிம்பரே நமக்கு முன்மாதிரி என்பதில் இரண்டாம் கருத்தில்லை. ஆனால் புதிதாக ஆடம்பரம் செய்வது வேறு. முன்னோர் விட்டுச்சென்ற கைவண்ணத்தைக் காப்பது வேறு. முன்னதில் சிக்கனம் வேண்டும்; பின்னதில் அலட்சியம் கூடாது. நம் ஊர்களிலும் பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கும் காலம் இது. பளிங்கும் கிரானைட்டும் வரும்போது பழைய மர மிம்பரை என்ன செய்வது என்ற கேள்வி நிர்வாகிகள் முன் வருகிறது. அதில் எந்தத் தச்சரின் பெயரும் இல்லாதிருக்கலாம். கட்டியவர் கொள்கை நமக்கு உடன்பாடற்றதாகவும் இருக்கலாம். தீர்ப்புச் சொல்லும் முன் அவர்கள் மராக்கிஷை ஒருகணம் நினைத்துப் பார்க்கட்டும். எதிரியின் பள்ளியையே மூடியவர்கள், எதிரியின் மிம்பரை உடைக்கவில்லை.